பதிலை எழுத்தில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வட சென்னையில் ஒரு பழைய அரசுக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நாற்பது வருடங்களுக்கு மேலாகக் குடியிருப்பவள் நான். மாநகராட்சிப் பள்ளியில் 31 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கவுன்சிலர் என்றாலே டெண்டரில் கமிஷன் பார்ப்பவர், யாராவது வீடு கட்ட மணல் கொட்டினால் மறுநாள் காலையில் ஆள் அனுப்புபவர் என்றுதான் நம் ஊரில் பேச்சு. அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று வாதாட நான் வரவில்லை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 2022-ல் எங்கள் வார்டில் ஜெயித்து வந்த கவுன்சிலரம்மா வேறு மாதிரி வேலை செய்கிறார். அதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், அந்த வேலை எங்கே போய் முட்டி நிற்கிறது என்பதையும் பார்க்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

குடியிருப்பின் பெயர், வார்டு எண், அவர் எந்தக் கட்சி, இதெல்லாம் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்குப் பேச்சு முழுவதும் கட்சியைப் பற்றியே போய்விடும், சொல்ல வந்தது நின்றுவிடும்.

முதலில் எங்கள் வீட்டுச் சமையலறையைச் சொல்கிறேன். 2022 ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி, பேத்தி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போன ஐந்து நிமிடத்தில், அடுப்புக்கு நேர் மேலே முறம் அகலத்துக்குக் காரை மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. குக்கர் நசுங்கிப் போனது. அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிகிறது, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிற துருதான் அது, கம்பி என்று சொல்ல ஒன்றுமில்லை. கடற்காற்று அடிக்கிற பகுதி, வயதான கட்டடம், மொட்டை மாடியில் தேங்குகிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சுற்றியிருக்கிற கான்கிரீட்டை வெளியே தள்ளும், அப்படித் தள்ளப்பட்டதுதான் எங்கள் அடுப்பு மேல் விழுந்தது. இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை, எங்கள் பிளாக்கில் பத்து வயதுப் பிள்ளையே சொல்லும்.

மனு கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள் ஒருவர் ஒரு பாண்டு கலவையோடு வந்தார். துருக் கம்பி மேலேயே கலவையை அப்பினார், மேலே வெள்ளை அடித்தார், ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அப்பியது அத்தனையும் அப்படியே திரும்ப விழுந்தது.

அந்தப் புயல் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கவுன்சிலரம்மா எங்கள் பிளாக்குக்கு வந்தார். கூட்டம் இல்லை, மாலை இல்லை, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு மூங்கில் கழியும். அவருடைய அப்பா கட்டட மேஸ்திரியாம், அவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது என்றார். ஒவ்வொரு வீடாக ஏறி, மேல் தளத்தைக் கழியால் தட்டிக்கொண்டே போனார். உறுதியாக இருக்கிற இடத்தில் ‘டங்’ என்று கெட்டியாகச் சத்தம் வரும், உள்ளே பிடிப்பு விட்டுப்போன இடத்தில் ‘பொத்’ என்று ஒரு சத்தம், தேங்காய் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். பொத்தென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். சாக்பீஸ் நான் கொடுத்ததுதான், பழைய பெட்டியில் மிச்சம் இருந்தது. என் கட்டிலுக்கு மேலே மூன்று வட்டம் விழுந்தது. “டீச்சர், இன்னிக்கே கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கோங்க, நாளைக்குன்னு விடாதீங்க” என்று சொல்லி, அடுத்த வீட்டு ஆயாவோடு சேர்ந்து தானே ஒரு பக்கம் பிடித்துத் தள்ளியும் விட்டார். 48 வீட்டில் 29 வீட்டில் வட்டம் விழுந்தது. பதினோரு மணிக்குக் கீழே இறங்கும்போது அவர் தலைமுடி முழுவதும் சுண்ணாம்புத் தூள்.

இதற்கு அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேறு யாராக இருந்தாலும் “அந்த வீட்டைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க” என்று போன் போட்டிருப்பார்கள், என் வீட்டுக்கும் இன்னும் நாலு வீட்டுக்கும் மறுபடியும் ஒரு பாண்டு கலவை வந்திருக்கும், நாங்களும் கும்பிடு போட்டிருப்போம். இவர் போன் போடவில்லை. குடியிருப்பைப் பார்த்துக்கொள்கிற வாரியத்தின் பராமரிப்பு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். போன வருடம் இந்த பிளாக்குக்குப் போட்ட எஸ்டிமேட் எங்கே, அதில் துருவைச் சுரண்டி எடுத்துக் கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கிற வேலை இருந்ததா, எத்தனை சதுர மீட்டருக்குப் பில் போனது, முடிந்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் நேரில் வந்து அளந்தாரா. நாலே கேள்வி, ஒரு பக்கம்கூட இல்லை.

பதில் வாயால்தான் வந்தது. “பணி முடிக்கப்பட்டுவிட்டதும்மா.” மறுபடி எழுதினார், மறுபடியும் அதே. நாலு மாதம் ஓடிப் போனது. கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா, கவுன்சிலர் கேட்டுக் கிடைக்காத காகிதத்தை, என் பெயரில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கினோம். 2005-லேயே வந்த சட்டம், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள். எஸ்டிமேட்டில் ‘பூச்சு வேலை’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது, துருவைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் 48 வீட்டுக்கும் அளவு போட்டுப் பில் போயிருந்தது. வேலை நடந்தது 19 வீட்டில். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி கேட்ட பிறகுதான் எங்கள் பிளாக்கில் சரியான முறையில் வேலை ஆரம்பித்தது. கம்பியைச் சுரண்டினார்கள், செத்துப்போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி வைத்தார்கள், மொட்டை மாடியில் தட்டை ஓடு பதித்தார்கள். அடுத்த பிளாக்குகள் இன்னும் பாக்கி.

எனக்கு இதில் ஆறவே ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒரு டீச்சருக்கு முப்பது நாளில் பதில் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிற அலுவலகம், ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலருக்கு எழுத்தில் பதில் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்க முடிகிறதே, இது என்ன ஏற்பாடு?

இது சின்னக் காரை உதிர்ந்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 27-ம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த குடியிருப்பு பகலிலேயே தரைமட்டமாகச் சரிந்தது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விரிசல் கண்டு பயந்து முன்கூட்டியே எல்லோரும் வெளியே ஓடி வந்ததால் உயிர் பிழைத்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பு, அது பழசு கூட இல்லை, புத்தம் புதுக் கட்டடம், சுவரைக் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்தது, ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டி வந்தது. 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பழைய குடியிருப்பின் மேலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தே போனார். என் கட்டிலுக்கு மேலிருந்த அந்த மூன்று வட்டத்தை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தேன், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கே.பி. பார்க்கும் திருவொற்றியூரும் நடந்த 2021-ல் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ம் தேதிதான் நடந்தது, நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் இந்தப் பெரிய ஊரை அதிகாரிகள் மட்டுமே பார்த்தார்கள். 2019-ல் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தபோதும் இல்லை. அதற்கு முன்னால் 1973-லிருந்து 1996 வரைக்கும், 23 வருடம், கவுன்சிலர்கள் கூடுகிற மாமன்றமே இல்லாமல் கிடந்த ஊர் இது. கவுன்சிலர் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. கட்டுகிறபோதே மூங்கில் கழியோடு போய்த் தட்டிப் பார்க்கிற ஒருவராவது இருந்திருக்க மாட்டார்களா என்றுதான் கேட்கிறேன்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் விடியற்காலையில் வரும். முதல் பத்து நிமிடம் மஞ்சளாக, நாற்றத்தோடு. வார்ப்பு இரும்புக் குழாய், என் அப்பா காலத்தது, பக்கத்திலேயே பாதாளச் சாக்கடைக் குழாயும் போகிறது. தண்ணீர் நாள் முழுவதும் ஓடினால் பிரச்சினை குறைவு, ஏனென்றால் உள்ளிருந்து அழுத்தம் இருக்கும். விட்டு விட்டு வரும்போது குழாய் காலியாகிறது, அந்த நேரத்தில் ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே ஊறுகிறது. இதில் ஆளாளுக்கு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறபோது இன்னும் மோசம். போன கோடையில் எங்கள் பிளாக்கில் மட்டும் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு பேருக்கு டைபாய்டு. புகார் எண்ணுக்குப் போன் செய்தால் மறுநாளே ‘தீர்வு காணப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிடும், தண்ணீர் மட்டும் அப்படியேதான் வரும்.

கவுன்சிலரம்மா எங்களிடம் சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. தினமும் முதல் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள், மூடியில் துணி சுற்றி இறுக்குங்கள், தேதியும் நேரமும் வீட்டு எண்ணும் எழுதி ஒட்டுங்கள். ஜூஸ் கடையில் காலி பாட்டில் வாங்கி வந்து செய்தோம். பதினோரு நாள், பதினோரு பாட்டில். மூன்றாம் நாள் பாட்டிலில் அடியில் கறுப்பாக ஒரு விரல்கடைக்கு வண்டல். பல வார்டுகள் சேர்ந்த மண்டலக் கூட்டத்தில் அந்தப் பாட்டில்களை மேஜை மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எங்கள் தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு இருக்கிறது, கடைசியாகச் சோதித்த தேதி எது? குடிக்கிற தண்ணீரில் கடைசிக் குழாய் வரைக்கும் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. சோதிப்பது பெரிய காரியம் இல்லை, குழாயடியில் நின்று சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். பதில் சொல்ல வேண்டிய அலுவலகத்திலிருந்து அன்றைக்கு யாரும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர் புதியவர், “பார்த்துச் சொல்றேன் மேடம்” என்றார். இதை எழுதுகிற இன்று வரை அந்தத் தேதி எங்களுக்குத் தெரியாது. குழாயில் ஒரு முப்பது அடியை மாற்றினார்கள், அதை மறைக்கவில்லை, நாற்றம் குறைந்திருக்கிறது. ஆனால் கேட்ட கேள்வி கேட்டபடியே நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், அந்தம்மாவிடமும் பேசிப் பார்த்தேன். கவுன்சிலர் ரிப்பன் மாளிகையில் எழுந்து நின்று கேள்வி கேட்டால் மாநகராட்சி அதிகாரிகள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தெருவிளக்கு, குப்பை, சாலை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ஆனால் எங்களை மாதிரி ஆட்களுக்கு உயிர் போகிற பிரச்சினை இரண்டு, ஒன்று தலைக்கு மேலிருக்கிற தளம், இன்னொன்று குடத்தில் பிடிக்கிற தண்ணீர். இந்த இரண்டும் நம் ஊரில் தனித்தனி வாரியங்களிடம் இருக்கின்றன. குடிசைகளை மாற்றி வீடு கட்ட 1970-ல் ஒரு வாரியம் வந்தது, இன்றைக்கு அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். தண்ணீருக்கும் சாக்கடைக்கும் 1978-ல் இன்னொரு வாரியம். மின்சாரம் இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் அவற்றைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் இருந்திருக்கலாம், அந்த வாரியங்கள் இல்லையென்றால் என் அப்பாவுக்கும் அவரைப் போன்ற ஆயிரம் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் ஓலைக் குடிசைதான், நன்றி மறக்கக் கூடாது. ஆனால் 1993 ஜூன் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 வேலைகளைப் பட்டியல் போட்டதே, அதில் குடிநீர் இருக்கிறது, குடிசைப் பகுதி மேம்பாடு இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலையை மாற்றிக் கொடுங்கள் என்றுகூட இப்போது நான் கேட்கவில்லை, அது பெரிய சண்டை, அரசாங்கங்கள் மாறினாலும் யாரும் அதில் கை வைக்கவில்லை. கேள்வி கேட்கிற உரிமையையாவது கொடுங்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். ஒரு கவுன்சிலர் தன் வார்டுக்குள் இருக்கிற எந்த அரசுக் கட்டடத்தைப் பற்றியும், எந்தக் குழாயைப் பற்றியும், எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும், முப்பது நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும், பதில் தருகிற பொறியாளரின் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும், அந்தப் பதிலை வார்டு அலுவலக வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். வராவிட்டால் மண்டலக் கூட்டத்தில் அந்த அதிகாரி நேரில் நின்று காரணம் சொல்ல வேண்டும். ஒரு அரசாணை போட்டால் போதும் என்று எனக்குப் படுகிறது.

கேள்வியால் என்ன ஆகிவிடும், தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு என் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்வேன். 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியில் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்று தீர்மானம் போட்டது. ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வருவதில்லை என்பதை யாரோ கண்ணால் பார்த்து, கணக்கெடுத்து, மன்றத்தில் வைத்திருக்கிறார்கள். என் வகுப்பில் காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். மதியம் அதே பிள்ளைகள் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது அந்த ஓர் அணாத் தீர்மானத்தைப் பல தடவை நினைத்திருக்கிறேன்.

எங்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். எங்கள் கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்த முப்பது குடும்பங்களைச் சில வருடங்களுக்கு முன்னால் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். எட்டு மாடிக் கட்டடங்கள், 20,000-க்கு மேல் வீடுகள், ஒரு ஊரையே கொண்டு போய் வைத்திருக்கிறார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே ஏழாவது மாடியில் இருக்கிறாள், லிஃப்ட் நின்றால் மாமியாரைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும், வீட்டு வேலைக்கு இரண்டு பஸ் மாறித் திரும்ப வட சென்னைக்கே வருகிறாள். கண்ணகி நகருக்குப் போனவர்களாவது மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கவுன்சிலர் உண்டு. பெரும்பாக்கத்தில் அந்தக் கட்டடங்களை எழுப்பியது ஊராட்சி எல்லையில். சென்னை வாக்காளராக இருந்தவர்கள் வீடு மாறிய ஒரே நாளில் கவுன்சிலரையும் சேர்த்து இழந்தார்கள். வீடு ஒதுக்குகிற ஆணையில் இதெல்லாம் எழுதியிருக்காது. அந்தப் பெண் இன்னும் எங்கள் கவுன்சிலரம்மாவிடம்தான் மனு எழுதிக்கொண்டு வருகிறாள். அவரும் வாங்கி வைத்துக்கொள்கிறார், வேறு என்ன செய்வார்.

பகுதி சபை என்று ஒன்று இருப்பது உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிராமசபை மாதிரி நகரத்துக்கும் வேண்டும் என்று விதிகள் கொண்டுவந்து, 2022 நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தில் முதல் முறையாக நடத்தினார்கள். நான் போயிருந்தேன், பந்தல், பூங்கொத்து, டீ. அதற்கப்புறம் எங்கள் பகுதியில் நடந்தவற்றில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாலு நாள் முன்னதாகத் தண்டோராவோ ஆட்டோவில் மைக்கோ இல்லை, ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள், அதையும் ஆடு தின்றுவிடும். வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வைத்தால் மீன் விற்கப் போனவர்களும் கட்டட வேலைக்குப் போனவர்களும் எப்படி வருவார்கள்? எங்கள் கவுன்சிலரம்மா இப்போது சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் வைக்கச் சொல்லி, போன தடவை கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் முதலில் வாசிக்கிறார். பதில் வராத இடத்தில் “பதில் இல்லை” என்று சத்தமாக வாசிப்பார். ஒருமுறை பதினாலு கேள்வியில் ஒன்பதுக்கு அப்படி வாசித்தார். வெறும் அந்த இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஜனங்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

நம் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாம் கவுன்சிலரிடம் கேட்பது என்ன? சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி, காதுகுத்துக்குப் பந்தல், கல்யாணத்துக்கு மொய், பையனுக்கு வேலை. இதெல்லாம் செய்யாதவரை “ஜெயிச்சதும் ஆளே மாறிட்டாங்க” என்கிறோம். கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023-ல்தான் வந்தது. அதில் ஐஸ் பெட்டிக்குப் பணம் எங்கிருந்து வரும், டெண்டர் எடுத்தவரிடமிருந்துதான் வரும், அப்புறம் அந்த டெண்டர்காரர் அப்பிய பூச்சை அவர் எப்படித் தட்டிப் பார்ப்பார்? எங்கள் பிளாக்கிலேயே இதைச் சொல்லி எனக்கு இரண்டு மூன்று பேரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது, இருக்கட்டும்.

இந்த மாமன்றத்தில் பாதிப் பேர் பெண்கள். பல வார்டுகளில் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்தான் கவுன்சிலர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து மனு வாங்குகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வார்டில் முதல் ஆறு மாதம் அப்படித்தான் ஆகப் பார்த்தது. ஒரு நாள் வடிகால் வேலையில் ஒரு உதவிப் பொறியாளர், கவுன்சிலரம்மா கேட்ட கேள்விக்கு அவர் கணவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். “சார், கேட்டது நான், இந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்க” என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கணவர் வண்டி ஓட்டி வந்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்.

இந்த மாமன்றத்தின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தும் 2016-ல் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டோம். வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஏதாவது ஒன்றில் தேர்தல் மாட்டிக்கொண்டால், பாக்கி இருக்கிற பிளாக்குகளின் மேல் தளத்துக்கும் குளோரின் தேதிக்கும் கேட்க ஆளே இல்லாமல் போய்விடும். நாற்பது பக்க நோட்டு இப்போது ஆறாவது நோட்டாகிவிட்டது, அதை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர் என்னிடமே கேட்டார். உங்கள் நாளிதழ் இதை இப்போதே எழுத ஆரம்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர்கள் மாமன்றக் கூட்டத்துக்குப் போனால் யார் யாரோடு சண்டை போட்டார்கள், யார் வெளிநடப்பு செய்தார்கள் என்றுதான் மறுநாள் செய்தி வருகிறது. வாரத்தில் ஒரு நாள் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்த வார்டு கவுன்சிலர், என்ன கேள்வி, எந்தத் தேதியில் கேட்டார், பதில் வந்ததா இல்லையா. பெயர் வேண்டாம் என்றால் வார்டு எண் போதும். எங்கள் வார்டின் பதினாலு கேள்வியை நானே அழகாகக் கைப்பட எழுதி அனுப்பித் தருகிறேன். பாட்டில்கள் என் வீட்டு மாடத்தில்தான் இருக்கின்றன, ஒன்றையும் கொட்டவில்லை. நிருபரை அனுப்புவதாக இருந்தால் சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் அனுப்புங்கள், அப்போதுதான் எல்லோரும் வேலை முடிந்து வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை,
வட சென்னை.